பிள்ளையார்பாளையத்தில் கலவரம் இல்லை

காலை 8.10. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் இருபத்தொன்பது கிலோமீட்டர். ரயில் கட்டணம் பத்து ரூபாய். கிளம்பும்போது மனைவி தடுத்தாள். காசா போர் விவகாரத்தில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இரு தரப்பினர் மோதிக்கொண்டதாக முதல் நாள் இரவு டிவியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் மகளின் முகூர்த்தப் புடவை அங்கேதான் தறியில் இருந்தது. வெள்ளிக்கிழமை கல்யாணம். போகாமல் முடியாது.

9.15. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். அங்கே கலவரமாமே, போகலாமா என்றேன்.

"அப்ப இருநூறு குடுங்க சார்."

"நீங்க பாத்தீங்களா?"

"எங்க சார் பாத்தேன்? நீங்கதான சொல்றீங்க."

தெருவில் சாயம் தோய்த்த பட்டு காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. போலீஸ் இல்லை. நெசவாளர் ஏகாம்பரம் வீட்டில் தறிச் சத்தமும் இல்லை. அதுதான் எனக்குக் கலவரத்தைவிடப் பயமாக இருந்தது.

இரு தரப்பினர் என்பது ஏகாம்பரமும் அவர் மனைவி சரசுவின் தம்பி தேவராஜும்தான். என் மகளுடையது கோர்வைப் புடவை: உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருமிடத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள வேண்டும். ஒருவர் எழுந்தால் தறி நின்றுவிடும். இவர்களோ ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு சேனல் போட்டுக்கொண்டு நெய்தவர்கள். காசாவில் இடிந்த ஒரே கட்டடம், ஏகாம்பரத்தின் சேனலில் ஆயுதக் கிடங்கு. தேவராஜின் சேனலில் குடியிருப்பு. வாக்குவாதம் முற்றி ஏகாம்பரம் தெருவுக்குப் போக, தேவராஜ் கையிலிருந்த நாடாவோடு பின்னாலேயே போயிருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் வீடியோ எடுத்து சேனல்களுக்கு அனுப்பிவிட்டார்.

அதிலிருந்து இருவரும் பேசவில்லை. புடவையில் இன்னும் ஒரு முழம் பாக்கி. வெள்ளிக்கிழமை முகூர்த்தம் என்று இரண்டு முறை சொன்னேன். இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

11.30. சரசு இரண்டு போன்களையும் பிடுங்கி, தறிமேல் அருகருகே வைத்து, தெருச் சண்டைச் செய்தியை ஓடவிட்டார்.

தேவராஜ்தான் முதலில் வாய் திறந்தார். "மாமா, நீ என்னிய அடிச்சியா?"

"எப்படா அடிச்சேன்?"

"என் சேனல்ல சொல்றானே."

"என்னுதுல நீ கூர்மையான ஆயுதத்தால என்னியக் குத்திட்டியாம்."

ஆயுதம் என்று வட்டம் போட்டுக் காட்டப்பட்டது நாடா. சரசு அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இத ஆயுதம்ன்றான். இவன் பேச்ச கேட்டுக்கினு ரெண்டு பேரும் தறிய நிறுத்திட்டீங்க."

தேவராஜ் அக்கா கையிலிருந்து நாடாவை வாங்கிக்கொண்டார்.

"அந்தக் காசா கட்டடத்துல ஆளுங்க இருந்தாங்களா மாமா?"

"தெரிலடா. ரெண்டு சேனலுமே அத சொல்லல."

ஏகாம்பரம் தறிக்குழியில் இறங்கினார். தேவராஜ் மறுபக்கம் உட்கார்ந்தார். போன்கள் சமையலறைக்குப் போயின.

மாலை 4.40. புடவையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவர், பிள்ளையார்பாளையத்திலிருந்தா வருகிறீர்கள், எத்தனை பேருக்குக் காயம் என்று விசாரித்தார். ஒருவருக்கும் இல்லை, சண்டை போட்டதே இரண்டு பேர்தான் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீங்க எந்த சேனல் பாக்கறீங்க சார்?"

எங்கள் வீட்டில் இருபது வருஷமாக ஒரே சேனல்தான். செய்தி விஷயத்தில் எனக்கும் மனைவிக்கும் சண்டையே வந்ததில்லை. அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்வது வழக்கம். அவரிடம் சொல்லவில்லை.