மூலையில் ஓர் இடம் கேட்டோம், மேளம் வைக்கிறார்களாம்

என் மகளுக்கு ஆட்டிசம். மூன்று வருடமாக ஐடி வேலை. இரைச்சல் தாங்காது, சாயங்காலம் வீடு திரும்பினால் வாய் திறக்கவும் தெம்பிருக்காது.

சத்தமில்லாத மூலையில் ஓர் இடம் கேட்க இன்று நானும் அவளுடன் ஆபீஸுக்குப் போனேன்.

எச்.ஆர். அம்மணி சிரித்தபடியே சொன்னார்: "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்களேங்க. டென்ஷன் குறையத்தான் வெள்ளிக்கிழமை இங்கயே ஜமாப் மேளம் வெச்சிருக்கறமுங்க. பாப்பாவ வந்து ஆடச் சொல்லுங்க."

லிஃப்டில் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். "முடியலீங்கம்மா. வேலைய உட்டு நின்னுக்கறனே?"

இந்த வேலை கிடைக்க மருதமலைப் படியேறி வேண்டிக்கொண்டவள் நான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதே முருகனிடம் போய், இதிலிருந்து மீட்டு விடப்பா என்று கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.