தோளில் கிடந்த வயர்

எங்கள் மகள் அப்போது சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்றபடியே வேலை. சாயங்காலம் பஸ் தோட்டத்து முனையில் இறக்கிவிடும்போதே கால் வீங்கியிருக்கும். நான் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டிப் பிழைத்தவள், நடந்து வருகிற வலி எனக்குத் தெரியும். நின்றே வருகிற வலி வேறு மாதிரி. தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிடுவேன். தேய்க்கத் தேய்க்க உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள்.

அந்தத் தொழிற்சாலை ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று காலியானது. கம்ப்யூட்டரில் வேகமாகத் தட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் அது. திங்கட்கிழமை பரீட்சை. யாரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை மகள் வாங்கி வந்து முன்கூடத்தில் வைத்திருந்தாள். தட்டிப் பழகுகிற பாடம் சிடியில் வருகிறது என்று, சிடி ஓடுகிற டிரைவையும் புதிதாகச் சேர்த்து மாட்டினாள். அன்றிலிருந்து வினை. பாடம் பாதி போகும்போது பொட்டென்று அணைந்துவிடும். மறுபடி போட்டால் மறுபடி அணையும். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

அப்பாவும் மகளும் மோட்டார் சைக்கிளில் லுக்குட் டவுனுக்குப் போய் ஒரு ரிப்பேர் கடையில் கேட்டார்கள். வீட்டுக் கரண்டை வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்க ஒரு பெட்டி இருக்கிறதாம், பவர் சப்ளை என்று பேர். பழையது சின்னது, டிரைவுக்கும் சேர்த்துக் கொடுக்க அதற்குத் தெம்பில்லை என்று கடைக்காரர் பெரியதாக ஒன்று கொடுத்திருக்கிறார். எப்படி மாட்டுவது என்றும் சொல்லி அனுப்பினார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் மூடியைக் கழற்ற வேண்டும். பவர் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கினாலும் அதற்குள்ளே கரண்டு மிச்சம் நிற்கும். பெட்டியிலிருந்து போர்டுக்குப் போகிற இரண்டு கொத்து வயரில் கறுப்பும் கறுப்பும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும், மாறினால் போர்டு கருகிவிடும். இன்னொன்றும் சொன்னாராம். அதை இரண்டு பேரும் வழியிலேயே மறந்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்கு மனதில் தங்கியது அந்த 'மிச்சம் நிற்கும்' மட்டும்தான். ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்த காலத்தில் கூட்டாளி ஒருவரைக் கரண்டு தூக்கி அடித்ததைக் கண்ணால் பார்த்தவர். அதற்குப் பிறகு வீட்டில் பல்பு மாற்றுவதென்றாலும் காலில் ரப்பர் பூட்ஸ் ஏறிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் ஸ்குரூ கழற்ற உட்கார்ந்தாள். அவர் அவளுக்கும் எனக்கும் பூட்ஸ் மாட்டிவிட்டார். சேலைக்குக் கீழே பூட்ஸோடு நான் டார்ச்லைட் பிடித்து நின்றேன். அவர் வெளியே போய்விட்டு வந்தார். வீட்டுக்குள் காற்றாடி நின்றது. எங்கள் லயத்தில் ஒட்டி ஒட்டி இருந்த ஆறு வீட்டுக்கும் மெயின் சுவிட்ச் ஒன்றுதான், கடைசி வீட்டு வெளிச்சுவரில் இருந்தது. அதை இறக்கிவிட்டார். டிவியில் தமிழ்ப்படம் ஓடிக்கொண்டிருந்த நேரம்.

கொஞ்ச நேரத்தில் லயமே எங்கள் வாசலில். பக்கத்து வீட்டுக்காரி கரண்டியோடு வந்தாள்.

"என்னண்ணே, இப்பதான் அந்தப் பொண்ணு வெசத்த கையில எடுத்தா. குடிச்சாளா இல்லையான்னு தெரியாம நான் எப்படிக் கொழம்ப எறக்குறது?"

"ஒரு படம் போனா போவட்டும்லா," என்றார் இவர். "எனக்கு இருக்கிறது ஒரே மக."

கூட்டத்தைக் கண்டு நான் உள்ளே தள்ளி நின்றுகொண்டேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதும் நாக்கு எழாது. தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்குக்குப் பிரட்டு எடுக்கும்போது என் பேரைக் கூப்பிட்டாலே கையை மட்டும்தான் தூக்குவேன். கணக்கு எழுதுகிற கிராணி திட்டுவார்.

கடைசி வீட்டு லாரிக்காரர் பொறுமை இழந்து, "நான் போய் போட்டுட்டு வரேன்," என்று நடந்தார். திரும்பிப் பார்த்தேன். மகளின் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கம்ப்யூட்டருக்குள்ளே. எப்படி ஓடினேன் என்று தெரியாது. பூட்ஸ் கழன்று ஒன்று வாசலிலேயே கிடந்தது. மெயின் சுவிட்சுக்கு முன்னால் போய் முதுகைச் சாய்த்து நின்றேன்.

"தொடாதீங்க. எம்பொண்ணு கை உள்ள இருக்கு."

என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. லாரிக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

மகள் ஸ்குரூடிரைவரோடு வெளியே வந்தாள். "மா, பிளக்க அப்பவே கழட்டியாச்சு. வயரு அப்பாகிட்டதான் இருக்கு."

எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தோம். கம்ப்யூட்டர் வயர் மடித்துப் போட்ட துண்டு மாதிரி அவர் தோளில் கிடந்தது. யாரும் எடுத்துச் சொருகிவிடக் கூடாது என்று தோளில் போட்டுக்கொண்டு, அதற்கு மேலே மெயினையும் இறக்கியிருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் சிரித்தாள். "வயர தோள்ல போட்டுக்கிட்டா லயத்த இருட்டாக்குனீங்க?"

"உள்ள மிச்சம் நிக்கும்னு கடக்காரன் சொன்னான்லா," என்று முணுமுணுத்தார். லாரிக்காரர் என்னைப் பார்த்து, "அக்கா, இப்ப போடலாமா?" என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

கரண்டு வந்தும் யாரும் படம் பார்க்கப் போகவில்லை. வாசலிலேயே நின்றார்கள். மகள் கறுப்பும் கறுப்பும் சேர்ந்திருப்பதை விரல் வைத்துப் பார்த்தாள். மூடுவதற்கு முன்னால் பவர் பெட்டியின் பின்பக்கத்துக்கு டார்ச் அடித்தேன். சின்னதாக ஒரு சிவப்பு சுவிட்ச் தெரிந்தது. எண் எழுதியிருந்தது.

"நூத்திப் பதினஞ்சுன்னு போட்டிருக்கே, இது என்னா?"

அவள் கை நின்றது. கடைக்காரர் சொல்லி மறந்துபோனது அதுதான். நம் வீட்டுக் கரண்டுக்கு அது இருநூற்று முப்பதில் நிற்க வேண்டுமாம், அப்படியே சொருகியிருந்தால் வெடித்திருக்குமாம். ஸ்குரூடிரைவர் நுனியால் மெல்லத் தள்ளினாள். என்னை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். அப்பாவையும் படிக்கச் சொன்னாள்.

அவர் தோளிலிருந்து வயரை எடுத்துக் கொடுக்கவே நேரம் பிடித்தது. சொருகினாள். உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. பாடம் பாதியைத் தாண்டியது, முடிந்தது, அணையவில்லை. அவர் கதவோரத்தில் பூட்ஸோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இருட்டும்வரை மகள் தட்டினாள்.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. மறு மாதத்திலிருந்து கால் வீங்கவில்லை. ஆனாலும் சாயங்காலம் வந்ததும் என் மடியில் காலை நீட்டிவிடுவாள். "எதுக்குடி, வலிதான் இல்லையே," என்பேன். "இல்லாட்டி என்னா, தேய்ம்மா," என்பாள். நானும் எண்ணெயைச் சூடாக்கப் போவேன்.