மெர்சியாவின் நாக்கு

மெர்சியா எஸ்பரோனுக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறி அலைத் தடுப்பைத் தாண்டினால் வாந்தி எடுப்பாள். எங்கள் கம்பெனியின் இருபத்திரண்டு பாய்மரப் படகுகளில் எது கடலுக்குப் போகலாம், எது போகக் கூடாது என்று பதினெட்டு வருடமாகத் தீர்ப்புச் சொல்லிவந்தவள் அவள்தான். இதில் ஏதோ இடிக்கிறது என்று மாஹே தீவில் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியது. ஒருமுறை கேட்டும் விட்டேன்.

"கடல நம்புறவன் படகப் பாக்கக் கூடாது வாத்தியாரே," என்றாள். "அவன் எல்லாத்தையும் சரியாத்தான் இருக்கும்னு விட்டுருவான்."

இருபத்தாறு வருடம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்று, இப்போது படகுத்துறை அலுவலகத்தில் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இங்கே எல்லோருக்கும் நான் வாத்தியார். வாடகைக்கு விடும் படகுகள் எல்லாமே கட்டமரான்கள். பெயர் என் முன்னோர்களின் பாஷையிலிருந்து போனது. மீதியெல்லாம் ஃபைபர், வயர், குழாய். இரண்டு உடல்களை நடுவில் ஒரு கூடத்தால் இணைத்திருப்பார்கள். ஒவ்வொரு உடலின் வாலிலும் ஓர் இன்ஜின் அறை. அதன் தரையைத் துளைத்துக்கொண்டு படகைத் தள்ளும் சுழலியின் கால் கடலுக்குள் இறங்குகிறது. அந்தத் துளைக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் நடுவே இருப்பது ஒரு ரப்பர் வளையம். அதே அறையில்தான் குளியலுக்கு வெந்நீர் போடும் டிரம்மும் இருக்கிறது. டிரம் சூடேறினால் அதன் வால்வு சொட்டும். அது ஆபத்தில்லாத சொட்டு. ரப்பர் கசிந்தாலும் சொட்டத்தான் செய்யும். இரண்டு தண்ணீரும் அறையின் அடியில் ஒரே குழியில் சேரும், ஒரே நிறத்தில் இருக்கும். குழி நிறைந்தால் ஒரு பம்ப் தானாக ஓடி வெளியே இறைக்கும், அப்போது சுக்கானருகே ஒரு விளக்கு எரியும்.

எது எது என்று தெரிந்துகொள்ள மெர்சியா ஒரு வழி வைத்திருந்தாள். குழியில் விரலை நனைப்பாள், நாக்கில் வைப்பாள், துப்புவாள். கரிக்காவிட்டால் தொட்டித் தண்ணீர், படகு போகலாம். இனித்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். உப்பென்றால் கடல். உப்பு என்று அவள் சொல்லிவிட்டால், விருந்தாளிகள் பெட்டி படுக்கையோடு துறையில் நின்று கத்தினாலும் படகு நகராது. மேனேஜர் கோன்ஃபே தலையில் அடித்துக்கொள்வார், ஆனால் எதிர்த்துப் பேசமாட்டார். எதிர்த்த ஒரே தடவை, மறுநாள் அந்தப் படகைக் கிரேன் வைத்துத் தூக்க வேண்டியிருந்தது.

ஜூன் மாதம் தென்கிழக்குக் காற்று பிடித்த சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் படுத்தாள். திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது, குரல் மட்டும் பழையபடி.

"நாக்கு பத்திரமா இருக்கில்ல?" என்று கோன்ஃபே சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இருக்கு," என்றாள்.

அது பொய் இல்லை. நாக்கு இருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் அவள் வீட்டிலிருந்து ஆக்டோபஸ் குழம்பு கொண்டுவருவாள், என் டப்பாவிலிருந்து பருப்பை எடுத்துக்கொள்வாள். காய்ச்சலுக்குப் பிறகு வந்த முதல் செவ்வாய் குழம்பில் உப்பே இல்லை. அடுத்த செவ்வாய் வாயில் வைக்க முடியாத உப்பு. நான் தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினேன். அவள் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் தட்டை வழித்தாள். ஒரு மனிதனை முட்டாளாக்க மரியாதையைப் போல வேறொன்று கிடையாது. நான் கேட்கவில்லை.

மூன்றாவது வாரச் சனிக்கிழமை 'கத்தித்தி' என்ற படகு கிளம்ப வேண்டும். கத்தித்தி என்பது எங்கள் ஊர்ச் சிறு பருந்து. அது ஒரு வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்தால் அந்த வீட்டில் சாவு விழும் என்பார்கள். படகின் சொந்தக்காரர் எங்கோ ஐரோப்பாவில் இருக்கிறார். சத்தம் அழகாக இருக்கிறதென்று அந்தப் பெயரை வைத்துவிட்டார். மூடநம்பிக்கை இல்லை என்று மார்தட்டும் எங்கள் ஆட்கள் யாரும் அதில் வேலைக்கு முன்வருவதில்லை. மெர்சியாவின் தம்பி ஃப்ளாவியன் மட்டும் அதை ஓட்டுவான். அவனுக்குப் பயம் இல்லாதது அக்காவின் நாக்கு இருந்ததால்.

அன்று அவனோடு போக ஆறு பேர் கொண்ட ஆஸ்திரியக் குடும்பம், அதில் இரண்டு சிறு பெண்கள். மெர்சியா வலது இன்ஜின் அறை மூடியைத் தூக்கிப் பார்த்தாள். குழியில் நான்கு விரல் தண்ணீர். நான் பயணிகள் பட்டியலைக் கொடுக்கப் போனவன் துறையில் நின்றிருந்தேன்.

"என்னக்கா, கடலா குளியலா?" என்று சுக்கானருகிலிருந்து ஃப்ளாவியன் கேட்டான்.

அவள் விரலை நனைத்தாள். நாக்கில் வைத்தாள். வழக்கமாக உடனே துப்புகிறவள் அன்று துப்பவில்லை. வெந்நீர் டிரம்மின் வால்வைத் தடவிப் பார்த்தாள், ஈரமாகத்தான் இருந்தது. டார்ச்சை அடித்து ரப்பர் வளையத்தைப் பார்த்தாள். வெடிப்பு எதுவும் கண்ணில் படவில்லை. அதன் பிறகுதான் துப்பினாள்.

"குளியல்," என்றாள். "வால்வு சொட்டுது. வந்ததும் மாத்தித் தரேன்."

"அப்ப பம்ப் விளக்கு எரிஞ்சா பயப்பட வேணாம்."

"வேணாம்."

அவளுடைய தர்க்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை என்று பின்னாளில் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். வால்வு உண்மையாகவே சொட்டியது. ரப்பரும் கசிந்தது. இரண்டும் சேர்ந்து கசியக்கூடும் என்பதைக் கண்ணும் கையும் சொல்லாது. அதைச் சொல்லத்தான் நாக்கு இருந்தது.

ஞாயிறு காலை காற்றின் வேகம் மணிக்கு இருபத்தைந்து கடல் மைலைத் தொட்டது. ஃப்ளாவியன் இரவு பக்கத்துத் தீவில் நங்கூரம் போட்டிருந்துவிட்டு ப்ராலின் தீவை நோக்கிக் கிளம்பியிருந்தான். பத்து மணிக்கு எல்லாப் படகுகளும் வரிசையாக ரேடியோவில் வரும்; யார் எங்கே என்று நான் குறித்துக்கொள்வேன். எல்லோரும் எல்லோர் பேச்சையும் கேட்கிற அலைவரிசை அது. ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாத மெர்சியா அன்று காரணமில்லாமல் அலுவலகத்துக்கு வந்து, எனக்கு எதிரில் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்திருந்தாள்.

"கத்தித்தி பேசுது. வாத்தியாரே, ஆஜர்."

"எங்கே இருக்கே?"

"பாதி வழி. பிள்ளைங்க ரெண்டும் வாந்தி, தாத்தா தூக்கம், நான் ராஜா. அக்கா இருக்காளா? அவ குளியல் தண்ணி நல்லாவே ஊத்துதுன்னு சொல்லுங்க. பம்ப் விளக்கு அணையவே மாட்டேங்குது."

"எவ்வளவு நேரமா?" என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம் இருக்கும். எரிஞ்சா எரியட்டும். உப்பா இருந்தாத்தானே கவல!"

மெர்சியா காப்பியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு செவ்வாய்க்கிழமைகளின் குழம்பும் ஒருசேர என் ஞாபகத்துக்கு வந்தது. மைக்கை நான் அவளிடம் கொடுத்தேனா, அவளே பிடுங்கினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஃப்ளாவியன். மூடியத் தூக்கி, அந்தத் தண்ணிய நக்கிப் பாரு."

"நானா? நேத்து நீதானே நக்கின?"

"நக்கினேன். ருசி தெரியல."

"என்ன சொல்ற?"

"காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எந்த ருசியும் தெரியல. மூணு வாரமாச்சு. நேத்து நான் சொன்னது கண்ணால பாத்துச் சொன்னது. போய் நக்கிப் பாருடா, தம்பி."

ரேடியோவில் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சத்தமே இல்லை, போய்விட்டான். அந்த வெற்றிடத்தில் வேறொரு குரல் நுழைந்தது. லா டீக் தீவுப் பக்கமிருந்து இன்னொரு மாலுமி.

"மெர்சியா, பதினேழாம் தேதி என் படகையும் நீதானே பாத்தே?"

அவள் என் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"என்னுதையும்," என்றது இன்னொரு குரல்.

மூன்று வாரத்தில் அவள் பச்சைக்கொடி காட்டி அனுப்பிய படகுகளில் பதினொன்று அப்போது கடலில் இருந்தன. ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு ரேடியோவை விட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கடலில், தீவுக்குத் தீவு, பதினொரு பேர் மூடியைத் தூக்கிக் குழிக்குள் குனிந்துகொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடல் ஒன்றுமே தெரியாதது போல நீலமாக இருந்தது.

ஃப்ளாவியன் திரும்பி வர ஒன்பது நிமிடம் ஆயிற்று.

"உப்பு," என்றான். கிண்டல் போயிருந்தது. "இன்ஜின் பாதிக்கு மேல முங்கியிருக்கு. பின்பக்கம் தாழ்ந்துபோய் அலை மூடி மேல ஏறுது. அக்கா, வலது பக்க ரூம் தரையும் ஈரமா இருக்கு."

இன்ஜின் அறைக்கும் படுக்கை அறைக்கும் நடுவே தண்ணீர் புகாத தடுப்பு உண்டு. புகாது என்று எழுதியே இருக்கும். போன வருடம் ஏ.சி. வைக்க வந்தவர்கள் வயர் இழுப்பதற்காக அதில் கட்டைவிரல் அளவு ஓட்டை போட்டு, அடைக்காமல் போயிருக்கிறார்கள்.

மெர்சியா கண்ணை மூடிக்கொண்டாள். அலைத் தடுப்பைத் தாண்டாத அந்தப் பெண், பன்னிரண்டு மைலுக்கு அப்பாலிருந்த படகுக்குள் நடக்க ஆரம்பித்தாள்.

"முதல்ல எல்லாருக்கும் மிதவைச் சட்டை மாட்டு. பிள்ளைங்கள மேல கூடத்துல உக்கார வை, கீழ யாரும் இருக்கக் கூடாது. ஏ.சி., ஃபிரிட்ஜ், தண்ணி காய்ச்சுறது எல்லாத்தையும் அணை. பேட்டரி செத்தா பம்ப் செத்துரும். வலது இன்ஜினத் தொடாத. இடது இன்ஜின ஓட்டு, அது பேட்டரிக்குச் சோறு போடும்."

"சரி."

"வலது கடைசி ரூம்ல மெத்தையத் தூக்கு. பின்சுவர்ல, தரையிலிருந்து ஒரு முழம் மேல, கறுப்பு வயர் ரெண்டு வரும். அது வர்ற ஓட்டைய அடைக்காம விட்டிருப்பானுங்க, அதுல துணியத் திணி. உன் சட்டையக் கழட்டித் திணி."

"சட்டை போடல."

"அப்ப தாத்தாவோடதக் கேளு. சுக்கானுக்குக் கீழ கை பம்ப் இருக்கு, அத யாராவது அடிச்சுக்கிட்டே இருக்கணும். காத்து எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"நல்லது. அந்தப் பக்கம் தூக்கலாத்தான் இருக்கும். திரும்பாத. காத்த மாத்திப் புடிச்சேன்னா தண்ணி நிறைஞ்ச பக்கம் அமுங்கும். அப்படியே ப்ராலின் போ."

நான் கடலோரக் காவல் படையைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர்களுடைய படகு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் மெர்சியா மைக்கைக் கீழே வைக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே கேள்வி: "எது வரைக்கும்?" படுக்கை அறையில் தண்ணீர் கணுக்காலில் இருந்தது. துணி திணித்தபின் அங்கேயே நின்றது. பிறகு முழங்காலுக்குப் பாதி. ஒருமுறை இரண்டு தடவை கேட்டும் பதில் வரவில்லை. மூன்றாவது தடவை, "பம்ப் அடிச்சுக்கிட்டு இருந்தேன், மூச்சு வாங்குது, திட்டாத," என்று குரல் வந்தது.

காவல் படைப் படகு கூடவே வர, பகல் ஒன்றரைக்குக் கத்தித்தி ப்ராலின் விரிகுடா மணலில் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சின்னப் பெண் மட்டும் இன்னொரு முறை போகலாமா என்று கேட்டாளாம்.

மற்றப் பத்துப் படகுகளில் இன்னொன்றிலும் உப்பு இருந்தது. கொஞ்சம்தான். இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்கும் என்றார்கள். அந்தப் படகு கடலில் இருக்க வேண்டியது இன்னும் பத்து நாள்.

கோன்ஃபே அவளை வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அவள் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் மறைச்சே?"

"இது இல்லாம நான் யாரு, மேனேஜர்?"

அவர் அவளை அனுப்பவில்லை. உப்பை அளக்கும் பேனா மாதிரி ஒரு கருவி வந்தது. அதை எல்லோரும் பாராட்டினார்கள், யாரும் நம்பவில்லை. நடந்த வேடிக்கை இதுதான்: நாக்கு செத்துவிட்டதென்று ஊருக்கே தெரிந்தபிறகும் மாலுமிகள் கோப்பையில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அவளிடம்தான் வந்தார்கள். "சும்மா ஒரு தடவ வச்சுப் பாரு, உனக்குத் தெரியும்," என்பார்கள். உண்மை தெரிந்தவர்களுக்கும் வேண்டியிருந்தது ஒரு தீர்ப்புதான். அவள் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

"உன் படகு, உன் வாயி. நீயே நக்கு."

முதலில் முகம் சுளித்தார்கள். இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. கருவியில் ஒருமுறை, நாக்கில் ஒருமுறை, பிறகு ரப்பருக்கு டார்ச்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கொண்டுவந்த குழம்பில் உப்பு அளவாக இருந்தது. தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அளவாக இருந்தது. மூன்றாவது வாரம் என் பருப்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்புப் போட மறந்துட்டீங்க வாத்தியாரே," என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

"வெளிய சொல்லிராதீங்க," என்றாள். "அப்புறம் ஒருத்தனும் குனிய மாட்டான்."

போனதை மறைத்தாள், வந்ததையும் மறைக்கிறாள். இரண்டாவது மறைப்பில் நானும் கூட்டு. ஃப்ளாவியனுக்குக்கூடத் தெரியாது.

போன சனிக்கிழமை அவன் கத்தித்தியின் குழியில் விரலை நனைத்து நாக்கில் வைத்து, "குளியல்தான்," என்று எழுந்தான். கருவியைக் காலை அவசரத்தில் கழுவாமல் வைத்திருந்தார்கள். அப்படியே அளந்தால் தப்பாகக் காட்டும் என்று அன்று அதை யாரும் எடுக்கவில்லை. விருந்தாளிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஃப்ளாவியன் காலையில் உப்புக் கருவாடு தின்றுவிட்டு வந்திருந்தான். ஐந்தடி தள்ளி நின்ற எனக்கே வாடை வந்தது. மெர்சியா மூடியைச் சாத்தப் போகிறவள் போலக் குனிந்தாள். அவளுடைய முதுகு எங்கள் பக்கம் இருந்தது. விரல் போய்வந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

அவள் நிமிர்ந்தாள். மூடியைச் சாத்தவில்லை.

"தம்பி," என்றாள், "வாயக் கொப்புளிச்சிட்டு வந்து இன்னொரு தடவ நக்கு."