மூச்சு விட்ட ஜக்கெட்

அவருடைய வலது காதின் நுனி பிய்ந்திருந்தது. நான் இணையத்தில் விற்கப் போட்டிருந்த பழைய லைஃப் ஜக்கெட்டைப் பார்க்கத் திருகோணமலை இறங்குதுறைக்கு வந்திருந்தார். அதுவும் நான் யாரோ ஒருவரிடம் இணையத்தில் வாங்கியதுதான். பளபளத்த கொம்பனிப் பெயரை அவர் பார்க்கவேயில்லை. ஜக்கெட்டைக் காதோடு வைத்து மெல்ல அமுக்கினார்.

“ஒரிஜினலோ?”

“ஓம்.”

“தண்ணியில போட்டுப் பாத்தனீங்களோ?”

“ஓம்,” என்று பொய் சொன்னேன்.

“அப்ப போட்டுக் காட்டுங்கோ.”

போட்டேன். என் முதுகில் முழங்காலை ஊன்றிப் பட்டிகளை இறுக்கியவர், அப்படியே என்னைக் கடலுக்குள் உதைத்தார். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஆனால் ஜக்கெட் தண்ணீரைக் குடித்துக் கல்லாகி என்னைக் கீழே இழுத்தது. பட்டிக் கொளுக்கி கழலவில்லை. அவர் என் தலைமயிரைப் பிடித்து இழுத்தெடுத்தபோது, தூணில் ஒட்டியிருந்த சிப்பி என் முழங்காலைக் கிழித்தது. மேலே போட்டு ஓங்கி அறைந்தார். பிறகு மீன் வெட்டும் கத்தியால் ஜக்கெட்டைக் கிழித்தார். உள்ளே மெத்தை ஸ்பொஞ்ச்.

“நல்லதெண்டா அமுக்கச் சத்தம் வராது. இது மூச்சு விடுது. என்ர மகளுக்கு வாங்க வந்தனான்.”

பொலிசுக்குப் போவேன் என்று கத்தினேன்.

“போங்கோ,” என்றார்.

அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். தம்பி கடலுக்குப் போட்டுக்கொண்டு போகும் ஜக்கெட் ஆணியில் தொங்கியது. அதுவும் நான் இணையத்தில் அதே ஆளிடம் வாங்கியதுதான். அவரைப் போலவே காதோடு வைத்து அமுக்கினேன்.

மூச்சு விட்டது.