நோர்வே வழியாக ஒரு பெயர்

தெல்தோட்டை பஸ் கண்டி டவுன் நெரிசலில் அசையாமல் நிற்கிறது. என் பக்கத்தில் இருப்பவளின் மடியில் பச்சைக் குழந்தை. இன்று பெயர் வைக்கிற நாளாம். நல்ல நேரம் முடிவதற்குள், குவைத்தில் இருக்கும் அதன் அப்பா வாட்ஸ்அப்பில் வந்து பிள்ளையின் காதில் பெயர் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பையோ அரசாங்கம் நேற்று முடக்கிவிட்டது.

"விபிஎன் போட்டுத் தாறன் தங்கச்சி. போன் வேற நாட்டில இருக்கிறமாதிரிக் காட்டும்."

"போலீஸ் புடிச்சிருவாங்களா அக்கா?"

"பிடிக்கிறதெண்டா முழு பஸ்ஸையும்தான் பிடிக்கோணும்."

பஸ்ஸே சிரிக்கிறது. "சிங்கப்பூர் போடுங்க," என்கிறது ஒரு குரல். "அது நேத்தே செத்துருச்சு, நோர்வே போடுங்க," என்கிறது இன்னொன்று.

நோர்வே போடுகிறேன். திரையில் அப்பாவின் முகம் வருகிறது. டிரைவர் பாட்டை நிறுத்துகிறார். அவள் போனைப் பிள்ளையின் காதோடு வைக்கிறாள். "யாழினி," என்று மூன்று முறை கேட்கிறது. பஸ் முழுக்கக் கைதட்டல்.

சத்தம் கேட்டு, வீதியில் வாகனங்களை மறித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஜன்னலுக்கு வருகிறார். எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறோம். அவள் போனைச் சேலைக்குள் ஒளிக்கிறாள். உள்ளிருந்து அப்பா இன்னும் "யாழினி, யாழினி" என்கிறார்.

போலீஸ்காரர் குனிந்து, தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்கிறார்: "நங்கி, தங்கச்சி, எந்த நாடு போட்டது? என் போனில சிங்கப்பூர் வேலை இல்லை."