அடிமனை பெருமாளுக்கு, கட்டடம் எனக்கு

நான் வாங்கிய வீட்டில் சுவர் என்னுடையது, கூரை என்னுடையது, கதவும் ஜன்னலும் என்னுடையவை. தரை மட்டும் பெருமாளுடையது. இதைச் சொன்னால் மதுரையில் இருக்கும் என் தங்கைக்குச் சிரிப்புத் தாங்காது. "அப்ப நீ அந்தரத்துலதான் குடியிருக்கியாக்கும்?" என்பாள். சிரிக்கட்டும். ஆவடிப் பக்கம் அந்த நாளில் எங்களைப்போல அந்தரத்தில் குடியிருந்தவர்கள் ஒரு தெரு நிறைய இருந்தோம்.

என் வீட்டுக்காரருக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் இருந்தோம். வேலை இருக்கும்வரை ராஜா வீடு. ரிட்டையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த நாளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. எண்பதுகளின் நடுவில், அவருக்கு இன்னும் பத்து வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கும்போதே, வீடு வீடு என்று அவரைப் பிடுங்கி எடுத்தேன். பட்டா மனை வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான் கோயில் மனையில் ஒரு ஓட்டு வீடு விலைக்கு வருகிறது என்று தொழிற்சாலையில் அவருடைய ஷாப்பில் யாரோ சொன்னார்கள்.

விற்றவர் அந்தப் பழைய கிராமத்துக்காரர். நிலம் உழுத குடும்பம். உழுத நிலமெல்லாம் மனையாகிப் போனபின் எருமை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். கோயிலிடமிருந்து முப்பது வருஷக் குத்தகைக்கு அந்த மனையை எடுத்து, முன்னால் வீடும் பின்னால் மாட்டுக் கொட்டகையும் போட்டிருந்தார். மகன்கள் அயனம்பாக்கத்தில் வீடு கட்டி அவரைக் கூப்பிட்டுக்கொண்டதால் முன்வீட்டை மட்டும் விற்றார். கொட்டகையை விடவில்லை. "மாடுங்களுக்கு இந்த எடம்தான் பயக்கம்மா. அதுங்க பாட்டுக்கு பின்னால கெடக்கும், உனக்கு ஒரு பேஜாரும் இல்ல" என்றார்.

பூந்தமல்லியில் ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பத்திரம் எழுதுபவரிடம் போனோம். கோயில் மனையை ரிஜிஸ்டர் பண்ண முடியாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு ஒப்பந்தம் எழுதினார். கட்டடம் எனக்கு, அடிமனைக் குத்தகை பால்காரர் பேரிலேயே இருக்கும், வருஷ வாடகையை நான் கட்டிவர வேண்டும்.

"குத்தகையையும் என் பேருக்கு மாத்திடலாமே?" என்று கேட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, பேரை மாத்தப் போனா வாடகையை ஏத்துவாங்க, நன்கொடை கேப்பாங்க. உங்க தெருவுல ஒருத்தர்கூட மாத்தல. குத்தகை முடியறப்ப பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள ஏதாச்சும் வில்லங்கம் வந்தா?"

"பெருமாள் வந்து உங்க மேல கேஸா போடப்போறாரு?"

நானும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. அந்தத் தெருவில் வழக்கமே அப்படித்தான். பொங்கல் முடிந்ததும் கோயில் மண்டபத்தில் குமாஸ்தா பெரிய நோட்டை விரித்து உட்காருவார். பழைய குத்தகைதாரர்களின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். வீட்டை வாங்கியவர்கள் எழுந்து போய் அந்தப் பேரில் பணத்தைக் கட்டி, அந்தப் பேரிலேயே ரசீது வாங்கி வருவோம். அவர் பால்காரர் பேரைக் கூப்பிட்டால் காஞ்சிபுரம் புடவையில் நான் எழுந்து நிற்பேன். அடுத்த வீட்டு டீச்சர் ஒரு செத்துப்போன கிழவர் பேருக்கு எழுந்து நிற்பாள். குமாஸ்தா முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது. செத்தவர் பேரில் வருஷா வருஷம் ரசீது போட்டுக் கொடுத்து, "அடுத்த வருஷமும் நேரத்துக்கு வந்துடுங்க" என்று டீச்சரிடம் சொல்லுவார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வந்தோம். வந்த பிறகுதான் 'ஒரு பேஜாரும் இல்ல' என்று அவர் சொன்னதன் லட்சணம் தெரிந்தது. நாலு எருமை. காலை நாலரைக்கே பால் கறக்க வந்துவிடுவார். சாணி நாற்றம், கொசு, ஈ. நான் ஆசையாக வைத்த முருங்கைக் கன்றை ஒரு எருமை மொட்டையடித்தது. என் வாய் பொல்லாத வாய். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்துவேன்.

"அண்ணே, உங்க எருமைக்கு வேற எடமே கெடைக்கலியா?"

"கீரதான துன்னுச்சு, நகையவா துன்னுச்சு?" என்று அவர் அந்தப் பக்கமிருந்து சொல்லுவார்.

பத்து வருஷம் இதுதான். நகராட்சிக்கு இரண்டு முறை மனு எழுதிப் போட்டேன், கொட்டகையை எடுக்கச் சொல்லி. அவருக்கும் தெரியும். அதற்காக அவர் எங்களுக்கு ஊற்றிய பாலில் ஒரு நாளும் தண்ணீர் கூடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் என் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனார். வந்த பணத்தில் ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்டோம். தளத்தின் ஈரம்கூடக் காயவில்லை, கோயிலிலிருந்து நோட்டீஸ் வந்தது, பால்காரர் பேரில். குத்தகைக் காலம் முடிகிறது, நீட்டிக்க வேண்டுமானால் குத்தகைதாரர் நேரில் வர வேண்டும், வேறு யாராவது குடியிருந்தால் ஆக்கிரமிப்பாகக் கருதப்படும். ஆக்கிரமிப்பு என்ற வார்த்தையை மூன்று முறை படித்தேன். என் கையால் சாணி தெளித்துக் கோலம் போட்ட வாசலில் நான் ஆக்கிரமிப்பாளராம்!

பூந்தமல்லிக்கு ஓடினோம். பத்திரம் எழுதியவர் கடை இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை இருந்தது. பக்கத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். காகிதங்களைப் பார்த்துவிட்டு அவர் பெருமூச்சு விட்டார்.

"கோயில் சொத்துன்னா சாமி சொத்தும்மா. சட்டப்படி சாமி என்னைக்குமே மைனர். மைனர் சொத்துல அனுமதி இல்லாம யாரும் விளையாட முடியாது."

"ரெண்டு பொண்டாட்டி கட்டின பெருமாள் மைனரா?" என்றேன்.

என் வீட்டுக்காரர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

வக்கீல் குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரியைக் காட்டினார். அனுமதியில்லாமல் எந்தப் பகுதியை விற்றாலும் குத்தகை முழுவதும் ரத்து. அதாவது, பால்காரர் எனக்கு விற்றது வெளியே வந்தால் என் வீடு மட்டுமல்ல, அவர் கொட்டகையும் போகும். ஒரே பத்திரம், ஒரே குத்தகை. அதனால் வக்கீல் ஒரு வழி சொன்னார். பால்காரர் போய், தானே குடியிருப்பதாகச் சொல்லி, தன் பேருக்கே நீட்டிப்பு வாங்க வேண்டும். பிறகு அவரிடம் நான் புதிதாக ஒரு ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

"அவர் எழுதித் தரலேன்னா?"

"அது அவர் மனசுங்க" என்றார் வக்கீல்.

பத்து வருஷம் நான் கழுவிக் கழுவி ஊற்றிய மனுஷனின் மனசை நம்பி என் வீடு நின்றது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் விடிந்ததும் வேலிப் பக்கம் போய், குரலில் தேன் தடவிக்கொண்டு, "அண்ணே" என்றேன். அவர் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, மாடு இன்னா துன்னுச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். தானே குடியிருப்பதாகச் சொன்னால் போதும், வேறொன்றும் பேச வேண்டாம் என்று கெஞ்சினேன். மூன்று நாள் அவருக்குப் பாடம் வேறு நடத்தினேன். "எங்க குடியிருக்கீங்க?" என்று நான் அதிகாரி மாதிரி கேட்பேன். "இங்கதான்" என்று அவர் எருமை முதுகைத் தேய்த்தபடி சொல்லுவார். தலையைத் தலையை ஆட்டினார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

கோயில் அலுவலகத்தில் அதிகாரி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பால்காரரைப் பார்த்தார். நான் அவருக்கு உறவுக்காரி மாதிரி பின்னால் நின்றிருந்தேன்.

"அந்த வீட்டுல யாரு குடியிருக்கா?"

"இந்தம்மாதான் சார். வித்துட்டேன், பத்து வருசமாவுது."

எனக்குத் தலையில் கல் விழுந்தது போலிருந்தது. "அண்ணே!" என்று கத்தியேவிட்டேன். அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். அனுமதி இல்லாமல் எப்படி விற்றீர் என்று பிடித்துக்கொண்டார். அவர் ஒன்றும் மறைக்கவில்லை. மடியிலிருந்து எங்கள் ஸ்டாம்ப் பேப்பரின் தன் பிரதியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "தப்புதான் சார். தப்பு நான் பண்ணது. இந்தம்மா ஒயுங்காதான் வருசா வருசம் வாடகை கட்டிகினு கீது, மனைய அதும் பேருக்கே குடுத்துடுங்க."

நான் அழுதேனா, திட்டினேனா என்று இப்போது ஞாபகமில்லை. இரண்டும் இருந்திருக்கும். அதிகாரி நோட்டைப் புரட்டினார், குமாஸ்தாவைக் கூப்பிட்டார், ரசீதுகளை எண்ணினார். ஒரு மணி நேரம் கழித்து முடிவு சொன்னார். குத்தகை ரத்து. வீட்டில் குடியிருப்பவள் என்பதால் புது வாடகைக்கு ஒத்துக்கொண்டு மனுக் கொடுத்தால் என்னை நேரடிக் குத்தகைதாரராகச் சேர்க்க மேலே எழுதுவார். கொட்டகை குடியிருப்பு இல்லை. அந்த இடத்தைக் கோயில் எடுத்துக்கொள்ளும், ஒரு மாசத்தில் காலி செய்ய வேண்டும்.

பால்காரர் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். பஸ் ஸ்டாப்பில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க? நான் சொன்னபடி சொல்லியிருந்தா கொட்டகையும் உங்களுக்கே இருந்திருக்குமே! எதுக்கு வாயை விட்டீங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ சொன்னது எனுக்குப் புரியாமலா? வித்த ஊட்ட மறுபடி எம் பேர்ல எய்திகினா, நாளைக்கி நான் செத்துப் பூட்டேன்னா எம் புள்ளைங்க உன்ன உடுவானுங்களா? மனையோட வெல இன்னா விக்கிது இப்போ! ரெண்டு பொண்ணுங்கள இட்டுகினு நீ எங்கம்மா போவ? மாடுன்னா எங்கனா கட்டிக்கலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வக்கீலும் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து மூன்று நாள் யோசித்தோமே, எங்களில் ஒருத்தருக்காவது இது தோன்றியதா? அவர் பேரில் குத்தகை வந்திருந்தால் என் வீடு அவர் மகன்கள் கைக்குப் போயிருக்கும். அவர் அதை முதல் நாளே, பால் செம்பைக் கீழே வைத்தபோதே, யோசித்துவிட்டார் போலிருக்கிறது. தெரிந்துதான் என் பாடத்துக்கெல்லாம் தலையாட்டியிருக்கிறார்.

"ஒரு காபி சாப்பிடுறீங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

"பால்காரனுக்கு ஓட்டல் காபியா? போம்மா, ஊட்டப் போயி பாரு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அந்த மாசமே கொட்டகையைப் பிரித்தார். அயனம்பாக்கத்தில் நாலு மாட்டைக் கட்ட இடமில்லை, இரண்டை விற்றுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அடிமனையைக் குத்தகைக்கு என் பேரில் எழுதிய கடிதம் வர ஒரு வருஷம் ஆனது. வந்ததும் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "முத்திரயெல்லாம் செரியா கீதா, வக்கீலாண்ட காட்டிட்டியா?" என்று கேட்டார். காட்டிவிட்டேன் என்றேன். ஒரு சொம்பு மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, பிள்ளைகள் படிப்பு, வெயில் என்று என்னென்னவோ பேசிவிட்டு வந்தேன். நகராட்சிக்குப் போட்ட அந்த இரண்டு மனுவுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். கேட்கவில்லை.