உறை கிழியாத வண்டி

வெளிநாட்டில் குடியிருந்து நிரந்தரமாக ஊர் திரும்பும் ஒருவர், அங்கே ஓராண்டுக்கு மேல் தம் பெயரில் வைத்துப் பயன்படுத்திய வண்டியை இறக்குமதி உரிமம் இல்லாமலே கொண்டுவரலாம். வரியும் புது விலைக்கு இல்லை. பதிவு செய்த நாளிலிருந்து தேய்மானம் கணக்கிட்டு, அதைக் கழித்த விலைக்குத்தான். எழுபதுகளின் நடுவில் இதுதான் விதி. துறைமுகச் சுங்க அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் எனக்கு அது மனப்பாடம். எழுதியவர்கள் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். படிப்பதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி ஒரு கடல்காரக் குடும்பம். கணவன் கப்பலில் போய், பிறகு இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்தில் கரை வேலையில் நிலைத்துவிட்டவன். மனைவி கோயில் படியில் விழுந்து முதுகெலும்பு அடிபட்டுப் படுக்கையில் கிடந்தாள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு, செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா முன்னால் இருப்பதாக நேர்ச்சை. உட்கார முடியாதவளை எந்த பஸ்ஸில் ஏற்றுவது? அதனால் அவன் அங்கே ஒரு புது வீட்டு வண்டி வாங்கினான். உள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. படுத்தபடியே ஊர் போகலாம்.

வாங்குமுன் எனக்கு எழுதிக் கேட்டான். உன் பெயரில் பதிவு செய், ரசீதுகளைப் பத்திரப்படுத்து, ஓராண்டு கழித்துக் கப்பலில் ஏற்று என்று ஒன்று விடாமல் பதில் எழுதினேன். வண்டியை ஓட்டு என்று மட்டும் எழுதவில்லை. வண்டி வாங்கியவன் ஓட்டமாட்டான் என்று யார் நினைப்பார்கள்?

அவன் ஓட்டவில்லை. கடற்கரைக் குடும்பங்களில் புதுத் தோணியைப் பங்குச் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்காமல் தண்ணீரில் இறக்கமாட்டார்கள். அதில் சாப்பிடமாட்டார்கள், தூங்கமாட்டார்கள். ஊருக்கு வந்து நம் கோயில் வாசலில் மந்திரித்த பிறகுதான் என்று, பதினான்கு மாதம் அதை வாடகைக் கொட்டகையில் போர்த்தி வைத்திருந்தான். கடையிலிருந்து கொட்டகைக்கு, கொட்டகையிலிருந்து கப்பலுக்கு. அவ்வளவுதான் அது ஓடிய தூரம்.

பிறகு வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தான். ஏப்ரலில் வண்டி இறங்கியது. வரி நிர்ணயிக்க வந்த அதிகாரி கதவைத் திறந்தார். இருக்கையை விரலால் தட்டினார்.

"பாலிதீன் உறை கூடக் கிழியல. இதைப் பயன்படுத்தின வண்டின்னு நான் எப்படி எழுதறது?"

"மந்திரிக்காம எப்படி சார் ஓட்டுவேன்? புதுத் தோணிய அப்படிக் கடல்ல விடுவோமா?" என்றான் அவன்.

"இது தோணி இல்லையே."

"அதத்தான் சார் நானும் சொல்லுதேன். வண்டியா பாத்து வரி போடுங்க. நீங்க அடுப்புக்குத் தனி, கட்டிலுக்குத் தனி, திரைச்சீலைக்குத் தனின்னுல்லா எழுதுதிய."

உண்மைதான். வண்டி என்றால் புது வண்டி, முழு வரி, போதாததற்கு உரிமம் இல்லாத குற்றம். உள்ளே இருப்பது வீட்டுச் சாமான், அதற்கு வேறு விகிதம். ஒரே பொருளை வெளியிலிருந்து ஒருமுறை, உள்ளிருந்து ஒருமுறை என்று இரண்டு தடவை வரிக்கு உட்படுத்தும் திறமையை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை. அவனோடு போயிருந்த நான், தேய்மானம் பதிவுத் தேதியிலிருந்து என்று சொல்லி, பதிவுச் சான்றை நீட்டினேன்.

"சார், நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க" என்றார் அதிகாரி, மரியாதையாகவே.

"நான்தான் ஆகியிருக்கிறேன். விதி ஆகவில்லை" என்றேன்.

மேல்முறையீடு எழுதினேன். பதிவு, காப்பீடு, கொட்டகை வாடகைச் சீட்டு எல்லாம் மூன்று நகல். நினைவூட்டல் ஒன்று, இரண்டு, நான்கு. ஒவ்வொரு முறையும் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பரிசீலிக்கும் அறையில் மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

வண்டி துறைமுகத்தின் திறந்த கொட்டகையில் நின்றது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கியதும் உப்பளத்துத் தூசியும் கடல் ஈரமும் அதன்மேல் படிந்தன. ஜூலையில் போய்ப் பார்த்தபோது கதவின் ஓரத்தில் துரு ஏறியிருந்தது. டயர் வெடித்துக் கிடந்தது. அதை அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அவள் படுத்தபடியே கூரையைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணாச்சி, என்னையும் அந்தக் கொட்டகையில கொண்டு போட்டிருங்க. நானும் பழசாயிருவேன், வரி குறையும்."

கணவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பதில் கடிதத்தை எழுதியவன் நான்.

ஆகஸ்டு கடைசி வரை பார்த்தோம். வேளாங்கண்ணியில் கொடியேறிவிட்டது. பிறகு அவன் கேட்டுக் கேட்டு ஒரு உப்பு லாரியைப் பிடித்தான். வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை போட்டு, அதில் அவளைக் கிடத்தினார்கள். தார்ப்பாய்க்குள் அவளைப் பிடித்தபடி அவனும் ஏறினான். ராமநாதபுரம் வழியெல்லாம் பள்ளம். எட்டாம் தேதி மாதா முன்னால் இருந்தாள். நேர்ச்சை நிறைவேறியது. பத்தாம் தேதி திரும்பி வந்தபோது, புரண்டு படுக்க ஓரளவு முடிந்துகொண்டிருந்தவளுக்கு அதுவும் முடியவில்லை. லாரிக்காரர் இறங்கிவந்து, "முடிஞ்ச மட்டும் மெதுவாத்தான் வந்தேன் அண்ணாச்சி" என்று என்னிடம் சொன்னார். அந்த விவகாரம் முழுவதிலும் விளக்கம் கொடுக்கவேண்டும் என்று தோன்றிய ஒரே மனிதர் அவர்தான்.

மறுநாள் காலை பதில் வந்தது. வண்டி மறுபடி பரிசோதிக்கப்பட்டதாம். துருவும் டயரின் நிலையும் கருதி, அது பயன்படுத்திய வண்டி என ஏற்கப்படுகிறதாம். தேய்மானம் உண்டு, உரிமம் வேண்டாம், அடுப்புக்கும் கட்டிலுக்கும் தனி வரி இல்லை. நான் ஏப்ரலில் கேட்டது அத்தனையும் இருந்தது. அவர்கள் கொட்டகையில் அவர்கள் காத்திருக்க வைத்த நாட்கள்தான் அந்த வண்டியைப் பழசாக்கின என்பது மட்டும் இல்லை. கொட்டகை வாடகையைச் செலுத்தி ஏழு நாளுக்குள் எடுத்துச் செல்லவேண்டும் என்று கடைசி வரி.

கையெழுத்தின் கீழே இருந்த தேதியைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன். ஆகஸ்டு இருபது. அந்த அலுவலகத்திலிருந்து எங்கள் தெருவுக்கு நடந்தால் கால்மணி நேரம். கடிதம் வந்து சேர்ந்தது செப்டம்பர் பதினொன்றாம் தேதி.